சுங்க எல்லையும் நீர் எல்லையும்: ஈஜிபுரா முதல் தேவனஹள்ளி வரை விமானநிலையம் சார்ந்த வணிக வளாகங்களின் திட்டமிடல் வரலாறு

முன்னுரை

வணிகம் பெருக வேண்டுமெனில் சுங்கம் குறைய வேண்டும் என்னும் எண்ணம் பழைமையானது. ஆட்சியின் எல்லைக்குள்ளேயே ஒரு சிறு நிலப்பகுதியை வரையறுத்து, அங்கு வரிச்சுமையைக் குறைத்து, வணிகர்க்குப் பாதுகாப்பும் தன்னுரிமையும் வழங்கும் முறையை இடைக்காலச் சாசனங்களில் காணலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இம்முறை விமானநிலையங்களை ஒட்டிய தடையற்ற வணிக வளாகமாகவும், பின்னர் சிறப்புப் பொருளாதார மண்டலமாகவும் உருப்பெற்றது.

இத்தகைய வளாகங்கள் நீடித்து நிலைக்க வேண்டுமாயின் அவற்றின் முழுமைத் திட்டம் எவற்றையெல்லாம் உள்ளடக்க வேண்டும் என்பது இன்று நகரத் திட்டமிடலாளர் எழுப்பும் வினா. இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை, பெங்களூரின் ஈஜிபுராவையும் அதன் சூழலையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஈஜிபுரா, பெங்களூரின் பழைய விமானநிலையத்துக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர். தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்துள்ள தொம்மலூரை அடுத்தது. கோரமங்களா - சல்லகட்டா நீர்ப்பள்ளத்தாக்கில் அமைந்தது. சாசனச் சான்று, விமானநிலைய வரலாறு, நீர்வழி ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்து நோக்க இவ்வூர் இடமளிக்கிறது.

பட்டணம்: சுங்கச் சலுகையின் பழைய வடிவம்

முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றமை தமிழுலகம் நன்கறிந்தது. சுங்கம் தவிர்த்தல் ஓர் அரசனுக்குப் புகழ்ப்பெயராக நின்றதிலிருந்து, அது வணிகர்க்கும் மக்களுக்கும் எத்துணைப் பெரிய செய்தியாக இருந்தது என்பது புலனாகும். இது நாடு தழுவிய சலுகை. குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்தமைக்கு வேறு சான்றுகள் உள்ளன.

பதினோராம் நூற்றாண்டைச் சார்ந்த பாசினிகொண்டா சாசனம், வணிகக் குழுவினர் கூடிச் சிரவல்லி என்னும் ஊரை எறிவீரப்பட்டணமாக மாற்றிய செய்தியைக் கூறுகிறது. காவல் வீரரின் துணையும் வணிகர்க்குரிய தனி உரிமைகளும் கொண்ட ஊர்களே எறிவீரப்பட்டணங்கள் எனப்பட்டன. காகதிய மன்னன் கணபதிதேவன் கி.பி. 1244-45இல் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வெளியிட்ட அபய சாசனம் இன்னும் தெளிவானது. புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் சரக்கை முன்னைய அரசர் கவர்ந்துகொண்ட வழக்கத்தை அது விலக்கி, முப்பதில் ஒரு பங்கு என்ற வரையறுத்த சுங்கத்தோடு நிறுத்தியது. வணிகன் நாடியது வரிக்குறைவை மட்டுமன்று. வரி இவ்வளவுதான் என்னும் உறுதியையும் சரக்குக்குக் காப்பையும் அவன் நாடினான் என்பதற்கு இச்சாசனம் சான்றாகிறது.

இப்பின்னணியில் தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயில் கல்வெட்டுகள் கவனத்துக்குரியவை. பி. எல். ரைஸ் பதிப்பித்த கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதிகளுள் 1905இல் வெளிவந்த ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டத்துக்கு உரியது. தொம்மலூர்க் கல்வெட்டுகள் அத்தொகுதி வழியாகவே அறிஞர் கவனத்துக்கு வந்தன. அவற்றில் இவ்வூர் 'தொம்பலூர்' எனவும் 'தேசிமாணிக்கப்பட்டணம்' எனவும் வழங்கப்படுகிறது. இது இலைப்பாக்க நாட்டைச் சார்ந்தது. இலைப்பாக்கம் என்பது எலகங்கம் என்னும் பெயரின் தமிழ் வடிவம் என்பர். 'பட்டணம்' என்பது வணிக ஊரைக் குறிக்கும் பின்னொட்டு. 'தேசி' என்பது நானாதேசி வணிகக் குழுவை நினைவூட்டுகிறது. ஆதலின் இன்றைய ஈஜிபுராவின் அண்டை ஊர் ஒருகாலத்தில் வணிகர் சிறப்புரிமை பெற்ற குடியிருப்பாக விளங்கியது எனக் கருத இடமுண்டு. பெயரொன்றை மட்டும் கொண்டு இதற்கு மேல் துணிதல் பொருந்தாது.

ஆயினும் இக்கல்வெட்டுகளின் உள்ளடக்கம் பெயரைக் காட்டிலும் பயன் தருவது. ஒரு கல்வெட்டு தலைக்காட்டைச் சார்ந்தவர் ஒருவரும் அவர் மனைவியும் ஜலப்பள்ளியில் நிலத்தையும் விண்ணமங்கலத்து ஏரியையும் சார்த்திக் கோயிலுக்கு அளித்த கொடையைக் குறிக்கிறது. போசள வீரராமநாதன் கோயில் அதிகாரிகளுக்கு விடுத்த ஆணையும் இங்குள்ளது. விசயநகரத்து இரண்டாம் தேவராயன் காலத்தில் இவ்வூரின் வீடுகள், கிணறுகள், நிலங்கள் ஆகியவற்றின் உரிமையும் வரிகளும் சுங்கமும் சொக்கப்பெருமாளுக்கு விடப்பட்டன. சுங்கம் விடப்பட்டபோது அது யாருக்குச் சேர வேண்டும் என்பதும், அதனோடு எந்த நிலம், எந்த நீர்நிலை இணைகிறது என்பதும் கல்லில் பொறிக்கப்பட்டன. வரிவிலக்கும் நீரும் ஒரே ஆவண மரபினுள் இடம்பெற்றமை இங்குக் குறிப்பிடத்தக்கது.

விபூதிபுரச் சாசனம் காட்டும் திட்டமிடல்

பழைய விமானநிலையத்தின் ஓடுபாதைக்கு வடக்கே விபூதிபுரம் உள்ளது. இங்குள்ள கி.பி. 1307ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு மூன்றாம் வல்லாளன் காலத்தது. காடு வெட்டி, நிலத்தைச் சமன்செய்து, ஊர் அமைத்து, மணல் அகற்றி ஏரி கண்ட செய்தியை அது தருகிறது. ஒரு புதிய குடியிருப்பை உருவாக்கும் பணியின் படிநிலைகள் இதில் அடங்கியுள்ளன. ஏரி அமைத்தல் ஊர் அமைத்தலின் பகுதியாகவே எண்ணப்பட்டது. ஊர் வளர்ந்த பின்னர் நீருக்கு வழிதேடும் நிலை அங்கில்லை.

இதனைக் கொண்டு இடைக்காலத் திட்டமிடலைக் குறையற்றதென மதிப்பிடுதல் தகாது. சாசனங்கள் கொடையாளரின் பெயரைச் சொல்லும். மண் சுமந்தவரின் பெயரைச் சொல்வதில்லை. ஏரியின் பயன் சாதியாலும் நிலவுடைமையாலும் வரையறுக்கப்பட்டிருந்தது. ஆயினும் ஆண்டின் சில திங்களே மழை பெறும் பீடபூமியில், பெருநதி எதுவும் பாயாத மேட்டுநிலத்தில், ஏரியின்றி ஊரில்லை என்னும் அறிவு ஆட்சியாளரிடமும் ஊராரிடமும் இருந்தது. பெங்களூர்ப் பகுதியின் ஏரிகள் மதகும் கால்வாயும் கொண்ட தொடர்களாக அமைந்து, மேலேரியின் மிகைநீர் கீழேரிக்குச் செல்லுமாறு இணைக்கப்பட்டிருந்தன. கன்னடத்தில் ராஜகாலுவெ எனப்படும் பெருங்கால்வாய்களே இத்தொடரின் நாளங்கள்.

வான்வழி வணிக வளாகத்தின் தோற்றம்

இக்காலத் தடையற்ற வணிக வளாகம் விமானநிலையத்தோடு இணைந்து தோன்றிய இடம் அயர்லாந்தின் ஷானன். அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கிய நிலையம் அது. 1947இல் சட்டத்தின் வழியே அது சுங்கமில்லா விமானநிலையமாயிற்று. தொலைதூரம் பறக்கும் ஜெட் விமானங்கள் வந்தபின் இறங்கவேண்டிய தேவை குறையும் என்ற அச்சத்தால், 1959இல் விமானநிலையத்தை ஒட்டி வணிக வளாகம் நிறுவப்பட்டது. தொழிலாளர் குடியிருக்க ஷானன் என்னும் புதிய நகரமும் அதனையடுத்துத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. தொழிலகமும் குடியிருப்பும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாயின.

ஆசியாவில் இம்மாதிரி பரவியபோது தொழிலகப் பகுதி விரைவாக வந்தது. குடியிருப்புப் பகுதி பின்தங்கியது. இந்தியாவில் 1965இல் காண்ட்லா துறைமுகத்தை ஒட்டி முதல் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. 1973இல் மும்பை விமானநிலையத்துக்கு அணித்தே அந்தேரியில் மின்னணு ஏற்றுமதி மண்டலம் தோன்றியது. இலங்கையில் 1978இல் கட்டுநாயக்க விமானநிலையத்தை அடுத்துத் தடையற்ற வணிக வலயம் அமைந்தது. அங்கு ஆடைத் தொழிலுக்கு வந்த இளம்பெண்கள் வலயத்துக்கு வெளியே நெருக்கமான வாடகை அறைகளில் தங்கினர். அவர்தம் உறைவிடம், நீர், கழிப்பிடம் ஆகியவை அண்டை ஊர்களின் பொறுப்பாயின. தமிழகத்தில் 1984இல் தாம்பரத்தில் சென்னை ஏற்றுமதி மண்டலம் நிறுவப்பட்டது. மீனம்பாக்கம் விமானநிலையம், சாலை, தொடர்வண்டிப் பாதை ஆகிய மூன்றும் அருகிருந்தமை அவ்விடத்தின் வலிமை.

2000ஆம் ஆண்டுக் கொள்கையும், 2005இல் இயற்றப்பட்டு 2006 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டமும் இவ்வளாகங்களுக்குப் புதிய வடிவம் தந்தன. சுங்க நோக்கில் மண்டலம் நாட்டின் சுங்க எல்லைக்குப் புறத்தே உள்ளதாகக் கருதப்படும். உற்பத்திக்குரிய பகுதி, பிற பயன்பாட்டுக்குரிய பகுதி என நிலம் இரண்டாகப் பகுக்கப்படும். 2006 செப்டம்பரில் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, இத்தகைய மண்டலங்களையும் முன்னனுமதி பெறவேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. எனினும் சட்டத்தின் மையம் வேலியே. எது உள்ளே, எது வெளியே என்பதைச் சுங்க அலுவலர் அறியவேண்டும் என்பதற்காக எழுப்பப்பட்ட வேலி, காலப்போக்கில் திட்டமிடலின் எல்லையாகவும் ஆகிவிட்டது. இச்சிக்கலின் விளைவை ஈஜிபுராவின் வரலாறு தெளிவுறக் காட்டுகிறது.

ஈஜிபுரா: திட்டத்தின் ஓரத்தில் ஓர் ஊர்

1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் முயற்சியாலும் மைசூர் அரசின் ஆதரவாலும் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றியது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படையின் விமானங்கள் இங்குப் பழுதுபார்க்கப்பட்டன. 1964இல் இந்நிறுவனம் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் எனப் பெயர் பெற்றது. இதன் ஓடுபாதையே பின்னர்ப் பயணிகள் விமானநிலையமாகவும் பயன்பட்டது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்தது; 1991க்குப் பின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டம் ஏற்றுமதி நிறுவனங்களுக்குச் சலுகை வழங்கியது. இவற்றின் பின்னர்த் தொம்மலூர், கோரமங்களா, பெல்லந்தூர் வழிச் செல்லும் சாலைகளில் அலுவலக வளாகங்கள் பெருகின. வேலி சூழ்ந்த ஒரே மண்டலமாக அமையாவிடினும், விமானநிலையத்தைச் சுற்றிய இப்பகுதி ஏற்றுமதி வணிக வட்டாரமாகவே இயங்கியது எனலாம்.

இவ்வட்டாரத்துக்கென ஒருங்கிணைந்த திட்டம் எதுவும் இருந்ததில்லை. அதன் விலையை முதலில் ஏரிகள் கொடுத்தன. பெங்களூரின் மறைந்த ஏரிகளைப் பட்டியலிடுவோர், ஈஜிபுராவின் சின்னாகர ஏரி குடியிருப்பானதையும், தொம்மலூர் ஏரி மனைப்பிரிவானதையும், சல்லகட்டா ஏரி குழிப்பந்தாட்டத் திடலானதையும் குறிப்பிடுவர். இடையிலிருந்த ஏரிகள் மறைந்தபின் ராஜகாலுவெயில் வந்த மழைநீரும் கழிவுநீரும் தங்குதடையின்றிப் பெல்லந்தூர் ஏரியை அடைந்தன. 2015, 2017, 2018ஆம் ஆண்டுகளில் அவ்வேரியில் நுரை பொங்கியதும் தீப்பற்றியதும் நாடறிந்த செய்திகள். 

அடுத்து விலை கொடுத்தவர் உழைக்கும் மக்கள். நலிந்த பிரிவினருக்கென ஈஜிபுராவில் மாநகராட்சி கட்டிய அடுக்குக் குடியிருப்புகள் சில ஆண்டுகளிலேயே சிதைந்தன. 2013 சனவரியில் எஞ்சியிருந்தோர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 1,500 குடும்பங்களைச் சார்ந்த இவ்விடத்தில், நிலத்தின் ஒரு பகுதியில் புதிய வீடுகளும் மறுபகுதியில் வணிக வளாகமும் கட்டுவதென அரசு - தனியார் கூட்டு உடன்பாடு ஏற்பட்டிருந்தது. வெளியேற்றப்பட்டோருள் தமிழ் பேசுவோர் பலர். துப்புரவுப் பணியும் வீட்டு வேலையும் செய்து கோரமங்களாவின் வளமனைகளையும் அலுவலகங்களையும் இயங்கச் செய்தவர்கள். ஷானனில் திட்டத்தின் உள்ளே இருந்த தொழிலாளர் குடியிருப்பு, இங்குத் திட்டத்தின் இடையூறாகக் கருதப்பட்டது.

நீதிமன்றங்களும் இச்சிக்கலை எதிர்கொண்டன. பெல்லந்தூர், அகரம் ஏரிகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் எழுந்த பெருங்கட்டுமானங்கள் குறித்த வழக்கில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே மாதத்தில் பெங்களூரின் ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் காப்பிடம் விடுமாறு பணித்தது. 2019 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அப்பொது வரையறையை நீக்கியது. முழுமைத் திட்டத்தில் உள்ள அளவைத் தீர்ப்பாயம் மாற்ற இயலாது என்பது அதன் சாரம். ஏரியின் காப்பு முழுமைத் திட்டத்தின் சொற்களையே சார்ந்து நிற்கிறது என்பதை இத்தீர்ப்பு உணர்த்தியது. திட்டத்தில் எழுதப்படாததைப் பின்னர் மீட்டெடுத்தல் அரிது.

தேவனஹள்ளி: புதிய விமானநிலையமும் புதிய வேலியும்

2008 மே 24 அன்று தேவனஹள்ளி அருகே புதிய விமானநிலையம் செயற்படத் தொடங்கியது. பழைய நிலையத்தின் பொதுப் பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. 2013இல் புதிய நிலையத்துக்குக் கெம்பேகௌடரின் பெயர் சூட்டப்பட்டது. இதன் அருகே கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் வான்வெளித் தொழிற்பூங்கா ஒன்றை உருவாக்கியது. அதில் சுமார் 250 ஏக்கர் சிறப்புப் பொருளாதார மண்டலமாக வகுக்கப்பட்டது. பழைய நிலையத்தைச் சுற்றித் தானாக வளர்ந்தது, புதிய நிலையத்தைச் சுற்றி வரைபடத்தோடு தொடங்கியது எனலாம். வரைபடம் இருந்தமையால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

தேவனஹள்ளி வட்டாரம் பம்பளிமாசுக்கும் திராட்சைக்கும் பெயர்பெற்றது. தேவனஹள்ளிப் பம்பளிமாசு புவிசார் குறியீடு பெற்றது. ஏரிகள் வறண்டபின் வேளாண்மை ஆழ்துளைக் கிணறுகளை நம்பியது. இந்நிலையில் பாதுகாப்பு மற்றும் வான்வெளித் தொழிற்பூங்காவின் விரிவாக்கத்துக்கெனச் சென்னராயபட்டண ஓபளியின் 13 ஊர்களில் 1,777 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தும் முயற்சி எழுந்தது. 2022 ஏப்ரலில் உழவர் போராட்டம் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த அப்போராட்டத்தின் முடிவில், 2025 சூலை 15 அன்று அரசு நிலமெடுப்பைக் கைவிடுவதாக முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார். விரும்பி நிலம் தருவோரிடமிருந்து மட்டும் உரிய விலைக்குப் பெறலாம் என்பது அவ்வறிவிப்பின் மறுபகுதி.

இந்நிகழ்ச்சியைத் தொழிலுக்கும் உழவுக்கும் இடைப்பட்ட பூசலாக மட்டும் காண்பது போதாது. தொழிற்பூங்காவின் திட்டம் நிலத்தை வெற்றிடமாகக் கொண்டு தொடங்கியது. அந்நிலத்தில் ஏற்கெனவே ஒரு பொருளியலும் ஒரு நீர்முறையும் இருந்தன. தொம்மலூர்க் கல்வெட்டுகள் வீடு, கிணறு, நிலம், ஏரி எனத் தனித்தனியே எண்ணிக் காட்டியவற்றை, இக்கால அறிவிக்கை ஏக்கர்க் கணக்கு என்னும் ஒரே அளவில் அடக்கிவிட்டது. சென்னராயபட்டணம் என்னும் பெயரிலும் 'பட்டணம்' உண்டு. அதனால் அது வணிக ஊராக இருந்ததெனக் கொள்ள இயலாது; ஆயினும் அப்பெயரைத் தாங்கிய ஊர்களின் உழவர்களே நம் காலத்துப் பட்டணத்தின் எல்லை எதுவென்று வினவினர் என்பது எண்ணத்தக்கது.

நீர் வரையும் எல்லை

சுங்க எல்லைக்கு மாறாக நீருக்கு இயற்கையான எல்லை உண்டு. பெங்களூர் ஒரு மேட்டின்மேல் அமைந்தது. அதன் மேற்குச் சரிவின் நீர் விருசபாவதி வழியாக அர்க்காவதியையும் பின்னர்க் காவிரியையும் சேரும். கோரமங்களா - சல்லகட்டாப் பள்ளத்தாக்கின் நீரும், ஹெப்பால் - நாகவாரப் பள்ளத்தாக்கின் நீரும் தென்பெண்ணையைச் சேரும். ஈஜிபுராவின் கால்வாயில் விழும் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அவ்வணையில் நுரை மிதப்பதைத் தமிழக உழவர் பலமுறை கண்டுள்ளனர். ஆதலின் ஈஜிபுராவின் திட்டமிடல் ஒரு மாநகராட்சி வட்டத்தின் செய்தி மட்டுமன்று. அது கிருட்டிணகிரி உழவரின் செய்தியும் ஆகும்.

2018இல் இந்நீர்வழியில் புதியதொரு மாற்றம் நிகழ்ந்தது. கோரமங்களா - சல்லகட்டாப் பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 440 மில்லியன் லிட்டர் வரை கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம் செயற்பட்டது. இதனைப் போன்றே ஹெப்பால் - நாகவாரப் பள்ளத்தாக்கிலிருந்து 210 மில்லியன் லிட்டர் நீரைத் தேவனஹள்ளி உள்ளிட்ட பெங்களூர் ஊரகப் பகுதிக்கும் சிக்கபள்ளாப்பூருக்கும் கொண்டுசெல்லும் திட்டமும் வகுக்கப்பட்டது. ஏரிகள் நிரம்பியதால் நிலத்தடி நீர் உயர்ந்தமை இதன் நன்மை. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நிறுத்தியமையால் நிலத்தடி நீரில் மாசு சேருமோ என்னும் ஐயம் இதன் மறுபக்கம். இவ்விரண்டையும் எண்ணும்போது ஓர் உண்மை தெளிவாகிறது: நகரம் தன் ஏரித்தொடரை அறுத்தபின், அதே தொடரைக் குழாய்களாலும் எந்திரங்களாலும் மீண்டும் கட்டவேண்டியதாயிற்று.

இதிலிருந்து நீடித்த முழுமைத் திட்டத்துக்குரிய சில நெறிகளைப் பெறலாம். திட்டத்தின் எல்லையை வேலி தீர்மானிக்கலாகாது. நீர்ப்பிடிப்பின் எல்லை தீர்மானிக்க வேண்டும். ஓடுபாதையும் கூரைகளும் மண்ணை மூடுவதால் பெருகும் மழைநீருக்கு எந்த ஏரி இடமளிக்கும் என்பது கட்டுமானத்துக்கு முன்னரே கணக்கிடப்பட வேண்டும். வளாகத்தில் உழைப்போர் எங்கு உறைவர் என்பதும், நிலம் தந்தோர் அங்கு எத்தகைய பங்கு பெறுவர் என்பதும் திட்டத்தின் உறுப்புகளாக வேண்டும். சலுகையால் விளையும் ஆதாயத்தில் ஒரு பகுதி, அச்சலுகைக்கு நிலமும் நீரும் அளித்த வட்டாரத்துக்குத் திரும்ப வேண்டும். இக்கடைசி நெறி புதியதன்று. ஊரின் சுங்கத்தை அவ்வூரின் கோயிலுக்கே விட்ட தேவராயன் காலக் கொடையில் அதன் ஒரு வடிவம் காணப்படுகிறது. அன்று பயன்பெற்ற நிறுவனம் கோயில். இன்று அவ்விடத்தில் ஊராட்சியும் ஏரிப் பராமரிப்பும் நிற்கவேண்டும்.

முடிவுரை

பட்டணம் முதல் சிறப்புப் பொருளாதார மண்டலம் வரை, அரசு வணிகத்துக்கு அளித்தது வரையறுத்த சுங்கமும் காப்பும் கொண்ட ஒரு நிலப்பகுதியே. இடைக்கால ஆவணங்கள், தம் காலத்து ஏற்றத்தாழ்வுகளோடு கூடியனவாயினும், அந்நிலத்தை ஏரியோடும் கிணற்றோடும் வீட்டோடும் சேர்த்தே எழுதின. பழைய விமானநிலையத்தைச் சுற்றிய வட்டாரம் திட்டமின்றி வளர்ந்து ஏரிகளை இழந்தது. ஈஜிபுராவின் எளிய மக்கள் வீடிழந்தனர். தேவனஹள்ளியில் திட்டம் இருந்தும், அது உழவரைத் தன் எல்லைக்குள் எண்ணாமையால் மூன்றாண்டுப் போராட்டத்தின்பின் பின்வாங்க நேர்ந்தது. திட்டமின்மையும் குறைபட்ட திட்டமும் ஒரே விளைவுக்கு இட்டுச் சென்றமை இவ்வரலாற்றின் பாடம்.

விபூதிபுரச் சாசனத்தைப் பொறித்தவர் ஊரையும் ஏரியையும் ஒரே கல்லில் எழுதினர். அக்கல்லுக்கு அருகிலுள்ள ஓடுபாதையிலிருந்து எழுந்த நகரம் அவ்விரண்டையும் பிரித்தது. வடக்கே இன்னும் வரையப்பட இருக்கும் வரைபடங்களில் அவை மீண்டும் இணையுமா என்பதைப் பொறுத்தே இம்மேட்டுநிலத்தின் உழவும் தொழிலும் தென்பெண்ணையின் நீரும் நிலைபெறும்.